வாசலில் சொட்டும் குழாய்

வாஷர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மணியை அடிப்பதில்லை. தெருவைக் கடந்து எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போவார். பையைக் கால்களுக்கு நடுவில் வைப்பார். முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்த நிலையில், தலையைச் சற்றே சாய்த்து அந்த வீட்டைப் பார்ப்பார். போகிற வருகிறவர்களுக்கு, ஆளுக்கு ஏதோ வயிற்றுக் கோளாறு என்று தோன்றும். விஷயம் அதுவல்ல. காருக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருவனின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்துக்குத் தன் கண்ணை இறக்கிக்கொள்கிறார். வீட்டுக்காரன் பார்க்கிற மாதிரி வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய தொழில் விதி.

"வீட்டுக்காரன் எவனும் கார விட்டு இறங்க மாட்டான். கண்ணாடிய பாதி இறக்குவான், பாப்பான், போயிடுவான். நம்ம பொழப்பு மொத்தமும் அந்தப் பாதிக் கண்ணாடியிலதான் இருக்கு," என்பார்.

குழாய் வேலைக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். யார் வீட்டுக் குழாயில் என்ன கோளாறு என்று சொன்னாலும், பாதி கேட்கும்போதே "வாஷர்தான்" என்று சொல்லிவிடுவார். அதுவே பெயராகிவிட்டது. கல்யாணம் நின்றுபோன வீட்டுக்குக் கூப்பிட்டாலும் வாஷர்தான் என்று சொல்லியிருப்பார் என்று தெருவில் கேலி உண்டு. குளியலறைக்குள் நுழைந்ததும், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொள்வார். வெளியே வந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கூப்பிட்ட வேலை முடிந்த பிறகு, கூப்பிடாத குழாய்களையும் திறந்து மூடிப் பார்ப்பார். மூடுவது எப்போதும் சுண்டுவிரலால். "சுண்டுவிரலுக்கு நிக்கணும். மல்லுக்கட்டி மூடினா அது குழாய் இல்ல, பகை."

ஒரு காலத்தில் அவருடைய சாவிக்கொத்தில் சாவிகளை விட, குழாய்க்குள் சொட்டை அடைக்கிற கறுப்பு ரப்பர் வாஷர்கள்தான் அதிகம் தொங்கின. எல்லாமே நல்ல வாஷர்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வாசல் குழாயிலிருந்து அவரே கழற்றியது. குழாயைச் சரிசெய்து வயிறு வளர்க்கிற மனிதர் எதற்காகக் குழாய்களைக் கெடுத்தார் என்று கேட்டால், அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூடிப்போன நூல் ஆலைக்குப் பின்னால் இருக்கிற தெரு அது. ஆலை ஓடிய காலத்தில் குடிவந்தவர்கள், ஆலை நின்ற பிறகும் போக்கிடம் இல்லாமல் அங்கேயே இருந்துவிட்டார்கள். யாரும் திரும்பிப் பார்க்காத தெருவாக இருந்தவரை நிம்மதியாகத்தான் இருந்தார்கள். பிறகு முனையில் ரயில் நிலையம் வந்தது. அதன் பின்னால் ஒரு காபிக் கடை வந்தது. மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே கோப்பையில் ஒரு பகலை ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். ஆலையின் செங்கல் சுவர் அழகாக இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது அவர்கள்தான். அந்தச் சுவருக்குள் பஞ்சைச் சுவாசித்து நுரையீரலைத் தொலைத்தவர்களுக்கு இத்தனை காலம் அது தோன்றவில்லை. ஒருவன் அழகு என்றதும் அடுத்தவன் விலை சொன்னான். வாடகை ஏறத் தொடங்கியது.

வாஷருக்கு முதல் அடி அவர் வீட்டிலேயே விழுந்தது. அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க வெள்ளைத் துணியையே பார்த்து அலுத்துப்போனவர், ஒரு விடுமுறையில் வாசல் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்தார். ஜன்னலுக்குக் கீழே பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தார். தெருவில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். வீட்டுக்காரனின் காரும் நின்று பார்த்தது. அடுத்த மாதமே வாடகை உயர்ந்தது. கட்ட முடியாமல், முன்பக்கத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்பக்கத்து ஒற்றை அறைக்கு நகர்ந்தார்கள். பின்பக்கம் போவதற்கும் அந்தக் கதவுதான் வழி. "நான் பெயிண்ட் அடிச்ச கதவு. இப்ப நானே தட்டிட்டுதான் உள்ள போறேன்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருப்பதே நல்லது.

அன்றிலிருந்து வாஷருக்கு அழகு என்றாலே ஆகாது. வாடகைக்குப் பயந்துகொண்டிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் தானாகவே போனார். "உள்ள ராஜா மாதிரி இருங்க. வாசல் மட்டும் அழுது வடியட்டும்," என்றார். உள்ளே குளியலறையையும் சமையலறையையும் ஒரு சொட்டு ஒழுகாமல் செய்து கொடுத்தார். வாசலில் மட்டும் நல்ல வாஷரைக் கழற்றிவிட்டுத் தேய்ந்ததைப் போட்டார். சொட்டுகிற தண்ணீர் சுவரோரமாக ஓடி, பாசி பிடித்தது. ஆணிகளை ஊறவைத்த துருத் தண்ணீரை ஜன்னலுக்குக் கீழே ஒழுகவிட்டார். அழைப்பு மணியின் ஒயரைப் பிய்த்துத் தொங்கவிட்டார். எல்லாம் முடிந்ததும் எதிர்ப்பக்கம் போய், முழங்காலை மடக்கி நின்று, பாதிக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார். திருப்தி இல்லாவிட்டால் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் துரு சேர்ப்பார். இந்த வேலைக்கு அவர் யாரிடமும் கூலி வாங்கியதில்லை.

தெருவின் நடுவில், ஒரே மாதிரி கேட்டுகள் வைத்த வரிசையில் இருந்தது நர்ஸக்காவின் வீடு. ஓய்வுபெற்ற நர்ஸ். பாதி வாழ்க்கையை இரவு ஷிஃப்டில் கழித்தவர். ஊசி போடுகிற மாதிரியேதான் பேசுவார்: சுருக்கென்று ஒன்று, உடனே தடவிக்கொடுப்பதற்கு ஒன்று. அவருடன் இருந்தவர் அவர் தம்பி. பிறவியிலேயே கண் தெரியாதவர். ஆலை ஓடிய காலத்தில் அதன் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். இன்றும் எல்லோருக்கும் ஆபரேட்டர்தான். குரலை வைத்து ஆளைச் சொல்வார், இருமலை வைத்து ஆளின் பொய்யைச் சொல்வார். தினமும் சாயங்காலம் முனைக்கடைக்குத் தனியாக நடந்து போய், ரொட்டி வாங்கிக்கொண்டு, கடைக்காரரோடு ரேடியோச் செய்தியைப் பற்றி ஒரு சண்டையும் போட்டுவிட்டு வருவார். கைத்தடி எடுக்கமாட்டார். "தடி தெருவுக்குப் புதுசா வந்தவனுக்கு," என்பார்.

வாடகைப் பேச்சு வந்தபோது நர்ஸக்கா தனக்காகப் பயப்படவில்லை. "எனக்கு எங்க கட்டில் போட்டாலும் தூங்கிடுவேன் தம்பி. இவன வேற தெருவுல கொண்டுபோய் விட்டா, இவன் கண்ணு அன்னைக்குத்தான் போச்சுன்னு அர்த்தம்," என்றார்.

அதற்கு மேல் வாஷருக்கு என்ன சொல்ல வேண்டும். அன்றே அந்த வீட்டு வாசல் குழாயின் வாஷரைக் கழற்றினார். நர்ஸக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு துண்டு பேண்டேஜ் துணியை அதில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். "என் வாஷர் எனக்கே திரும்பி வரணும். ஊரான் வாஷரெல்லாம் எனக்கு வேணாம்." வாஷர் அதைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டு, நிலைமை சரியானதும் தன் கையாலேயே திரும்பப் போடுவதாக வாக்குக் கொடுத்தார். சிமெண்டில் சொட்டினால் தரை பெயர்ந்துவிடும் என்று, குழாயின் கீழே ஒரு பழைய தகர மூடியைக் கவிழ்த்து வைத்தார் நர்ஸக்கா. சொட்டு அதன் மேல் விழுந்து டொக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடியும் டொக்.

அதுவரை ஆபரேட்டர் கையால் கேட்டுகளைத் தடவித் தடவித்தான் வீட்டைக் கண்டுபிடித்து வந்தார். துருப்பிடித்த கம்பிகள் விரலைக் கிழிக்கும். சில நாள் அடுத்த வீட்டுக் கேட்டைத் திறந்துவிட்டு அசடு வழிந்து நிற்பார். குழாய் சொட்டத் தொடங்கிய பிறகு அதெல்லாம் நின்றுபோனது. இரண்டு வீட்டுக்கு முன்னாலேயே நடையைத் தளர்த்துவார், தலையைச் சாய்ப்பார், டொக் என்று கேட்டதும் கையை வீசி நேராகத் தன் கேட்டுக்குள் நுழைந்துவிடுவார். "வாஷர், நீங்க வீட்டக் கெடுத்தீங்களோ என்னமோ, எனக்கு வாசல் பேச ஆரம்பிச்சிருச்சு," என்றார் ஒருநாள். இத்தனை வருடத் தொழிலில் வாஷருக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதுதான் பெரியது.

திட்டம் பலித்தது. நர்ஸக்கா வீட்டுக்குச் சொந்தக்காரரான பெரியவரின் கார் வரும். கண்ணாடி பாதி இறங்கும். பாசியையும் துருவையும் தொங்குகிற ஒயரையும் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ளும். நாலு தெரு தள்ளி வாடகை எங்கோ போனபோதும் இந்த வரிசை மட்டும் தப்பித்துக்கொண்டே இருந்தது. வாஷருக்குக் கொஞ்சம் தலைக்கேறவும் செய்தது. பாசியை மோர் ஊற்றி வளர்க்கலாமா என்றெல்லாம் யோசித்தார். யார் வீட்டு வாசல் அதிக அலங்கோலம் என்று பந்தயம்கூட நடந்தது. நர்ஸக்கா வீடுதான் முதல் என்று அவரே தீர்ப்புச் சொன்னார்.

பிறகு பெரியவர் படுத்த படுக்கையானார். சொத்து மகன் கைக்கு வந்தது. அந்த மகன் காரை விட்டு இறங்கினான்.

வாஷரின் கணக்கில் இல்லாத ஒன்று அது. வெள்ளைச் செருப்பில் சேறு படுவதைப் பற்றிக் கவலைப்படாமல், நர்ஸக்காவின் வாசலுக்கே நடந்து வந்தான். பாசியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினான். சுவரின் அடிப்பகுதியை நகத்தால் சுரண்ட, சுண்ணாம்பு ஈரமாக உதிர்ந்தது. அசிங்கத்தைப் பார்த்ததும் முகம் சுளித்துக்கொண்டு போய்விடுவான் என்றுதான் எதிர்ப்பக்கத்தில் நின்ற வாஷர் நினைத்தார். அவன் முகம் மலர்ந்தது. செல்போனை எடுத்து, குழாயையும் சுவரையும் நிதானமாகப் படம் பிடித்தான்.

அந்த வாரமே ஓர் எஞ்சினீயர் வந்தார். நல்ல மனிதர்தான், நர்ஸக்கா கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார். சுவரில் ஒரு சின்னக் கருவியை ஒட்டிவைத்துப் பார்த்தார். அஸ்திவாரம் ஊறிவிட்டது, முன்சுவர் எப்போது வேண்டுமானாலும் சரியலாம், குடியிருக்க லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்தார். நீண்ட நாள் குடியிருப்பவர்களைச் சட்டப்படி எளிதில் வெளியேற்ற முடியாது. ஆனால் ஆபத்தான கட்டடத்திலிருந்து வெளியேற்றினால் அதற்குப் பெயர் அக்கறை. எஞ்சினீயர் ஒரு வரிகூடப் பொய் எழுதவில்லை என்பதுதான் கொடுமை. சுவர் உண்மையிலேயே ஊறியிருந்தது. எந்தத் தண்ணீரில் ஊறியது என்பது வாஷருக்குத் தெரியும்.

கேட்டருகில் மகனை மறித்துக்கொண்டு நின்றார். "சார், ஒரு வாரம் குடுங்க. சுவர், குழாய் எல்லாத்தையும் நானே சரி பண்ணித் தரேன். ஒரு பைசா தர வேணாம்."

"நீங்கதான் இந்தத் தெருவுக்குப் பிளம்பரா?"

"ஆமா சார். ரொம்ப வருஷமா."

"இத்தனை வருஷத்துல இந்த ஒரு குழாய நிறுத்த முடியல. இப்ப ஒரு வாரத்துல கட்டடத்தையே நிறுத்தப் போறீங்களா?"

நான்தான் சொட்டவைத்தேன் என்று வாஷர் சொல்லிவிடலாம். சொன்னால், வீட்டைக் குடித்தனக்காரர்களே வேண்டுமென்று பாழாக்கினார்கள் என்று வழக்குப் போடுவார்கள். நர்ஸக்கா போகிற போக்கில் குற்றவாளியாகவும் போக வேண்டியிருக்கும். அதனால் வேலை தெரியாதவன் என்ற பட்டத்தை வாங்கி விழுங்கிக்கொண்டு வழி விட்டார். அந்த மகன் இன்றைக்கும் அவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நர்ஸக்காவிடம் போனார். அவர் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். திட்டுவார், நாலு வார்த்தை கேட்பார், கேட்டால் தேவலை என்று வாஷர் எதிர்பார்த்திருந்தார்.

"உன்ன நான் ஒண்ணும் சொல்லல தம்பி," என்றார் நர்ஸக்கா, தலையை நிமிர்த்தாமலே. "நீ சொன்ன மாதிரி வச்சிருந்தேன். அவ்வளவுதான்."

வழக்கமாக அடுத்து ஒரு தடவிக்கொடுப்பு வரும். அன்று வரவில்லை.

அதன்பின் தெருவில் ஒரு கூத்து நடந்தது. மற்ற வீடுகளின் சொந்தக்காரர்களும் காரை விட்டு இறங்கிவிடுவார்களோ என்று எல்லோருக்கும் கிலி பிடித்தது. "வாஷர், வந்து சொட்ட நிறுத்திக் குடுங்க," என்று ஆள்மேல் ஆள் வந்தார்கள். அவரும் வீடு வீடாகப் போய், சாவிக்கொத்திலிருந்து ஒவ்வொரு வாஷராகக் கழற்றி, அதனதன் குழாயில் திரும்ப மாட்டினார். பாசியைச் சுரண்டினார். துருவைத் தேய்த்தார். முதலில் சுத்தமான வீட்டின் முன்னால் ஒரு கார் நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது. மாதம் பிறந்ததும் வாடகை ஏறியது. சொட்டவைத்தபோது கையைப் பிடித்து நன்றி சொன்னவர்கள், நிறுத்திக் கொடுத்த பிறகு அவரைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

"அழகா வச்சா ஏத்துறான். அசிங்கமா வச்சா எறக்கி விடுறான்," என்றார் அவர் மனைவி, சலவைக்கூடத்திலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்தபடி. "அப்ப நாமல்லாம் வீட்ட எப்படித்தான் வச்சுக்கணும்னு எவனையாவது கேட்டுச் சொல்லுங்களேன்."



நர்ஸக்கா காலி செய்த நாள் பகலில், லாரிக்காரர்களோடு சேர்ந்து அவரும் கட்டிலைத் தூக்கினார். போகிற இடம் ஊருக்கு வெளியே, நாலாவது மாடி. ஒரே மாதிரி கதவுகள் நீளமாக வரிசை கட்டிய நடை. வாசலில் குழாய் எதுவும் கிடையாது. வாஷர் முன்கூட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஆபரேட்டர், முனைக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினார். நர்ஸக்கா கூட வருகிறேன் என்றதற்கு, "இந்தத் தெருவுல எனக்குத் துணையா? இன்னைக்கா?" என்று கேட்டுவிட்டுத் தனியாகத்தான் போனார்.

சாமான்கள் ஏறி முடிந்தன. நர்ஸக்கா உள்ளே காலி அறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இடிக்கப்போகிற வீட்டை எதற்குப் பெருக்குகிறீர்கள் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. வாஷர் வாசலில் நின்றார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டொக். டொக். அவர் சாவிக்கொத்தில் ஒரே ஒரு வாஷர்தான் மிச்சம் இருந்தது. பேண்டேஜ் துணி பழுப்பேறித் தொங்கியது.

கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. நிறைவேற்ற அவரிடம் மிச்சம் இருந்ததும் அது ஒன்றுதான். வால்வை மூடினார். குழாயின் தலையைக் கழற்றினார். தேய்ந்த வாஷரைத் தெருவில் வீசிவிட்டு, முடிச்சை அவிழ்த்து நல்லதை மாட்டினார். ரப்பர் கொஞ்சம் இறுகியிருந்தது, ஆனாலும் பிடித்தது. வால்வைத் திறந்துவிட்டு, சுண்டுவிரலால் குழாயை மூடினார். நின்றது. ஒரு சொட்டுகூட இல்லை. அந்தத் துணித்துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பல வாரங்களுக்குப் பிறகு அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

தெருமுனையில் ஆபரேட்டர் திரும்பினார். கையில் ரொட்டி; கடைக்காரர் சும்மா கொடுத்திருப்பார். வழக்கமான நடை, வீசிய கை. இரண்டு வீட்டுக்கு முன்னால் நடையைத் தளர்த்தினார். தலையைச் சாய்த்தார். அப்படியே இன்னும் கொஞ்சம் நடந்தார். தன் கேட்டைத் தாண்டினார். அடுத்த கேட்டையும் தாண்டினார். நின்று, தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்தார். பிறகு கையை நீட்டிக் காற்றைத் தடவிக்கொண்டு மேலே நடந்தார்.

வாஷருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் குரலில் கூப்பிட்டால் நாலு வீடு எட்டிப் பார்க்கும். ஸ்பேனர் கையிலேயே இருந்தது. குழாயின் கீழே தரையில் உட்கார்ந்து, ஸ்பேனரின் நுனியால் தகர மூடியைத் தட்டினார். டொக். சொட்டு விழ ஆகிற நேரம் காத்திருந்தார். மறுபடியும் தட்டினார். தெருவில் ஆபரேட்டர் நின்று, திரும்பினார். வாஷர் நிமிர்ந்து பார்க்காமல், இடைவெளி மாறாமல், தட்டிக்கொண்டே இருந்தார்.